உபுண்டு சர்வரில் இரட்டையாகக் கிடக்கும் பழைய போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரைப் பத்திரமாக நீக்குவது எப்படி

உபுண்டு 22.04-ல் ஓடிக்கொண்டிருந்த சர்வரை 24.04-க்கு ஏற்றியாயிற்று, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாள் டிஸ்க் நிரம்புகிறதே என்று பார்த்தால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பதிப்பு 14 ஒன்று, 16 ஒன்று என இரண்டு கிளஸ்டர் (தனித்தனியாக ஓடும் போஸ்ட்கிரெஸ்) உட்கார்ந்திருக்கிறது. 14 பழசுதானே, தூக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அழிக்கும் கட்டளை ஒரே ஒரு வரிதான். மீதி வேலை எல்லாம் அந்த வரியை அடிக்கலாமா என்று உறுதிசெய்துகொள்வது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது கட்டளையில் இல்லை, வரிசையில்தான். போன வருடம் ஒரு தம்பி ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் செய்தான்: "அண்ணா, பழைய கிளஸ்டரை அழிச்சிட்டேன், இப்ப சைட் வரலை." அவன் அழித்தது 14. அவனுடைய டேட்டா முழுக்க இருந்ததும் அதே 14-ல்தான். 16 வெறும் காலி டப்பா. இது ஏன் நடக்கிறது என்பதை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

இங்கே சொல்வது டெபியன், உபுண்டு இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். அடிக்கோடு, ஹைஃபன் எல்லாம் இருக்கிற இடத்தில் அப்படியே.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

சூடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை) வேண்டும், போஸ்ட்கிரெஸ் என்ற பயனராக மாறவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பாதி வழியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி எடுக்கும் நகல்) எடுத்து வைக்க வேறொரு இடம் வேண்டும். அதே டிஸ்க்கில் எடுத்து வைப்பது கணக்கில் சேராது, ஏனென்றால் டிஸ்க் நிரம்பியதால்தானே இந்த வேலையையே தொடங்கினோம், பாதி எழுதிய டம்ப் ஒன்று டிஸ்க்கை முழுசாக அடைத்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கிளஸ்டரும் சேர்ந்து விழும்.

கிளவுட் மெஷின் என்றால் தொடங்கும் முன் டிஸ்க்கை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். சில ரூபாய்தான் ஆகும். ஆனால் ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்பதற்காக ஐந்தாவது படியில் வரும் டம்ப்பை விட்டுவிட வேண்டாம். ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரே ஒரு டேபிளை மீட்க வேண்டும் என்றால் தனியாக ஒரு மெஷினையே எழுப்ப வேண்டியிருக்கும்.

அப்புறம் நேரம். அழிக்கும் வேலை பத்து நிமிடம், நடுவில் காத்திருப்பு சில வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி அன்றைக்கே முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இது இல்லை.

2. என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று அடியுங்கள். பதிப்பு, கிளஸ்டரின் பெயர், போர்ட், நிலை, உரிமையாளர், டேட்டா இருக்கும் ஃபோல்டர், லாக் கோப்பு என ஒரு கிளஸ்டருக்கு ஒரு வரி வரும். 14 மெயின் 5432, 16 மெயின் 5433 என்று இருக்கலாம், மாறியும் இருக்கலாம். அந்த வரிகளை அப்படியே காப்பி செய்து ஒரு குறிப்புக் கோப்பில் ஒட்டி வையுங்கள். நாலு வாரம் கழித்து எந்த போர்ட் எதனுடையது என்று உங்களுக்கே நினைவிருக்காது.

இங்கே ஒரு சொல் குழப்பம். போஸ்ட்கிரெஸில் கிளஸ்டர் என்றால் பல மெஷின்கள் சேர்ந்த கூட்டம் இல்லை. ஒரே மெஷினில், ஒரு டேட்டா ஃபோல்டரும் ஒரு போர்ட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஓடும் ஒரு போஸ்ட்கிரெஸ், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை டேட்டாபேஸ் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு கிளஸ்டரை அழித்தால் உள்ளே இருக்கும் எல்லா டேட்டாபேஸும், எல்லா பயனர் பெயர்களும், அமைப்புக் கோப்புகளும் சேர்ந்தே போகும்.

நிலை என்ற இடத்தில் "டவுன், பைனரிஸ் மிஸ்ஸிங்" என்று வந்தால் யாரோ பேக்கேஜை முதலில் நீக்கிவிட்டார்கள், டேட்டா மட்டும் அநாதையாகக் கிடக்கிறது என்று பொருள். உபுண்டுவைப் புதுப் பதிப்புக்கு ஏற்றும்போது கடைசியில் "பழைய பேக்கேஜ்களை நீக்கட்டுமா" என்று ஒரு கேள்வி வரும், படிக்காமலே ஒய் அடித்தால் இந்தக் கதி வரக்கூடும். டேட்டா போகவில்லை. ஆனால் அதைத் திறந்து பார்க்க 14-இன் நிரல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் திட்டமே நடத்தும் ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்து 14 பேக்கேஜை மறுபடி நிறுவிவிட்டு மேலே போங்கள். 16-ஐ வைத்து 14-இன் ஃபோல்டரைத் திறக்க முயலாதீர்கள், பெரிய பதிப்பு மாறினால் அது திறக்காது.

3. எது பழையது? எண்ணைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள்

அந்தத் தம்பி விழுந்த குழி இதுதான். போஸ்ட்கிரெஸ் 16 பேக்கேஜ் நிறுவப்பட்டதும் டெபியன், உபுண்டு இரண்டும் தாமாகவே "16 மெயின்" என்று ஒரு புதுக் கிளஸ்டரை உருவாக்கிவிடும். 5432 போர்ட்டில் ஏற்கெனவே 14 உட்கார்ந்திருப்பதால் புதியதற்கு 5433 கிடைக்கும். உங்கள் டேட்டாவை யாரும் அதற்குள் நகர்த்தவில்லை. நீங்கள் சொல்லாமல் அது நகராது. ஆக பதிப்பு எண்ணில் பழசாக இருக்கும் 14-தான் உயிருள்ள கிளஸ்டர், புத்தம் புதிய 16-தான் தேவையில்லாத நகல்.

இதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம். யாராவது பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓட்டியிருந்தால் டேட்டா 16-க்குப் போயிருக்கும். அந்தக் கட்டளை போர்ட்டையும் மாற்றிவிடும். 16 இப்போது 5432-ல் இருக்கும், 14 நிறுத்தப்பட்டு வேறொரு போர்ட்டுக்குத் தள்ளப்பட்டிருக்கும், தானாகத் தொடங்காதபடி அதன் அமைப்பும் மாறியிருக்கும். அதனால் எண்ணும் சாட்சி இல்லை, போர்ட்டும் சாட்சி இல்லை.

உள்ளே போய்ப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி, பிஎஸ்க்யூஎல்-ஐ ஹைஃபன் பி 5432 என்று போர்ட் எண்ணோடு திறங்கள். போர்ட் சொல்லாமல் திறந்தால் அது தனக்குத் தோன்றிய கிளஸ்டருக்குள், பெரும்பாலும் 5432-க்குள், உங்களைக் கொண்டுபோய்விடும், நீங்கள் வேறொன்றைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக "ஷோ டேட்டா_டைரக்டரி" அடித்து எந்த ஃபோல்டர் என்று பாருங்கள். இரண்டு டெர்மினல் ஜன்னல் திறந்து வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு வரி உயிர் காக்கும்.

பிறகு பின்சாய்வு எல்+ அடித்து டேட்டாபேஸ்களையும் அளவுகளையும் பாருங்கள். காலிக் கிளஸ்டரில் போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 என்று மூன்றே இருக்கும், ஒவ்வொன்றும் சில எம்பி. டேட்டா ஃபோல்டர் மொத்தமும் சுமார் 40 எம்பி. அளவை வெளியிலிருந்து டியூ கட்டளையாலும் பார்க்கலாம். மூன்றுதான் இருக்கிறது, அப்போ காலி என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. போஸ்ட்கிரெஸ் என்ற பெயரிலேயே இருக்கும் அந்த இயல்பான டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் போட்டு வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், நானே இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். அதற்குள் நுழைந்து டேபிள் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்.

இரண்டிலும் டேட்டா இருக்கிறது என்றால் எது இப்போது எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆப்பில் தினமும் வரி சேரும் ஒரு டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்டரோ பில்லோ லாகினோ, அதில் கடைசித் தேதி என்ன என்று இரண்டு கிளஸ்டரிலும் கேளுங்கள். ஒன்று போன மார்ச்சில் நிற்கிறது, மற்றது இன்றைக்குக் காலை பத்து மணியைக் காட்டுகிறது என்றால் விடை தெரிந்துவிட்டது. ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளின் தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், யாரும் தொடாத கிளஸ்டரிலும் போஸ்ட்கிரெஸ் தன் சொந்தக் காரியத்துக்காகச் சில கோப்புகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது மூன்றில் ஒரு நிலையில் இருப்பீர்கள்.

புதியது காலி, பழையதில் எல்லாம் இருக்கிறது. அப்படியென்றால் அழிக்க வேண்டியது புதியதை. கீழே ஏழாம் படி வரை 14 என்று சொல்லும் இடமெல்லாம் உங்களுக்கு 16 என்றும், 16-ஐ 14 என்றும் படித்துக்கொள்ளுங்கள்; எட்டாம் படியில் 16 பேக்கேஜை நீக்கிவிடாதீர்கள், டேட்டாவை நகர்த்த அது வேண்டும். காலி 16-ஐ நீக்கிய பிறகுதான் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின் ஓடும். 16 மெயின் என்ற பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் அது மறுத்துவிடும். டேட்டாவை நகர்த்தி முடித்த பிறகு 14-ஐ அழிக்க இதே படிகளுக்குத் திரும்பி வாருங்கள்.

பழையதில் இருப்பது நின்றுபோன நகல், புதியது ஓடுகிறது. நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டிலும் இன்றைய தேதி வருகிறது. இது கெட்ட செய்தி. ஏதோ ஒரு ஆப் 5432-க்கும், இன்னொன்று 5433-க்கும் எழுதிக்கொண்டிருக்கிறது. இங்கே நகல் என்று எதுவுமே இல்லை, இரண்டும் மூலம்தான். டேட்டாபேஸ்கள் வேறுவேறு என்றால் பிஜி_டம்ப் வைத்து ஒன்றை மற்றொன்றுக்கு நகர்த்தி, அந்த ஆப்பின் போர்ட்டை மாற்றிவிட்டு வாருங்கள். ஒரே டேட்டாபேஸ் இரண்டு பக்கமும் வேறுவேறாக வளர்ந்திருந்தால் வரி வரியாக ஒப்பிட்டுச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை, அது முடியும் வரை எதையும் அழிக்கும் பேச்சே வேண்டாம்.

4. யார் யார் இன்னும் வந்து போகிறார்கள்

டேட்டா நின்றுபோயிருந்தாலும் படிக்க மட்டும் வரும் ஆட்கள் இருப்பார்கள். மாதம் முடிந்ததும் ஓடும் ரிப்போர்ட், ராத்திரி பேக்கப், எப்போதோ யாரோ எழுதி வைத்த ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது).

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி இந்த நிமிடம் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் காட்டும். நீங்கள் பார்த்த நேரத்தில் காலியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அதனால் அந்தக் கிளஸ்டரில் ஆல்டர் சிஸ்டம் மூலம் லாக்_கனெக்ஷன்ஸ்-ஐ ஆன் செய்து, அமைப்பை ரீலோட் செய்துவிட்டுச் சில நாள் விடுங்கள். மறுதொடக்கம் தேவையில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு இணைப்பும் எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்த டேட்டாபேஸ் என்று லாக்கில் பதிவாகும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் இதில் வராது, அவற்றுக்குத்தான் முதலில் சொன்ன ஆக்டிவிட்டி பட்டியல். இரண்டையும் பார்த்தால்தான் படம் முழுசாகும்.

கூடவே /ஈடிசி ஃபோல்டரிலும் ஆப்களின் அமைப்புக் கோப்புகளிலும் பழைய கிளஸ்டரின் போர்ட் எண்ணை (இனி அது 5433 என்று வைத்துக்கொள்வோம், உங்களுடையது பட்டியலில் இருக்கும்) கிரெப் கட்டளையால் தேடுங்கள். பிஜிபவுன்சர் (ஆப்புக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில் நின்று இணைப்புகளைக் கையாளும் கருவி) வைத்திருந்தால் அதன் அமைப்பு, கிரான் பட்டியல்கள், பயனர்களின் கடவுச்சொல் சேமித்திருக்கும் பிஜிபாஸ் கோப்பு, கண்காணிப்புக் கருவி எல்லாவற்றையும் பாருங்கள்.

இதில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் ரெப்ளிகேஷன், அதாவது ஒரு சர்வரின் டேட்டா இன்னொன்றுக்குத் தொடர்ந்து நகலாகிக்கொண்டிருப்பது. பழைய கிளஸ்டர் வேறொரு சர்வரிலிருந்து லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் டேட்டா வாங்கிக்கொண்டிருந்தால், அதாவது அதில் ஒரு சப்ஸ்கிரிப்ஷன் இருந்தால், கிளஸ்டரை அழிக்கும் முன் டிராப் சப்ஸ்கிரிப்ஷன் செய்தே ஆக வேண்டும். செய்யாமல் கிளஸ்டரைத் தூக்கிவிட்டால் அனுப்பும் சர்வரில் அதற்கான ஸ்லாட் (எதுவரை அனுப்பியாயிற்று என்ற குறிப்பு) அப்படியே நிற்கும். வாங்க வேண்டியவன் செத்துப்போனது அதற்குத் தெரியாது, என்றைக்காவது வருவான் என்று வால் கோப்புகளை (டேட்டாவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் கோப்புகள்) எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அந்த சர்வரின் டிஸ்க் நிரம்பி அது நிற்கும். இங்கே டிஸ்க்கைக் காலி செய்யப் போய் அங்கே ஒரு டிஸ்க்கை நிரப்பிய கதையாகும். பழையதைப் பார்த்து ஓடும் ஸ்டாண்ட்பை (அதன் நகலாக ஓடும் மாற்று சர்வர்) எதுவும் உண்டா என்று பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன், பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

5. கடைசியாக ஒரு டம்ப்

புதிய கிளஸ்டரில் எல்லாம் இருக்கிறதே, பழையதற்கு எதற்கு டம்ப் என்று கேட்பார்கள். மூன்று மாதம் கழித்து "அந்த ஒரு டேபிள் எங்கே?" என்று யாராவது கேட்கும்போது காட்டுவதற்கு.

கிளஸ்டர் நின்றுகொண்டிருந்தால் முதலில் தொடங்க வேண்டும். ஆனால் தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பதிப்பு ஏற்றம் லிங்க் முறையில் நடந்திருந்தால் பழைய, புதிய கிளஸ்டர் இரண்டும் ஒரே கோப்புகளை ஹார்ட்லிங்க்காக (ஒரு கோப்புக்கு இரண்டு பெயர்) பகிர்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் பழையதைத் தொடங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் புதியதன் டேட்டாவே கெட்டுப்போகும். அடையாளம் சுலபம்: பழைய டேட்டா ஃபோல்டருக்குள் குளோபல் என்ற ஃபோல்டரில் பிஜி_கண்ட்ரோல் என்ற கோப்பின் பெயர் பிஜி_கண்ட்ரோல்.ஓல்ட் என்று மாறியிருக்கும். போஸ்ட்கிரெஸே வேண்டுமென்று செய்து வைக்கும் பூட்டு அது. "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று பெயரைத் திருப்பி மாற்றும் புத்திசாலித்தனம் வேண்டாம். லிங்க் முறை என்றால் டம்ப்பைப் புதியதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் படியை விட்டு மேலே போகலாம்.

மற்றபடி பிஜி_டம்ப்ஆல் போதும். அது பயனர் பெயர்களையும் கடவுச்சொல் ஹாஷ்களையும் சேர்த்து எடுக்கும், தனித்தனி பிஜி_டம்ப் அதை எடுக்காது. போர்ட்டைக் கட்டளையிலேயே சொல்லுங்கள், வெளியீட்டை ஜிஜிப் வழியாக வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

டம்ப் முழுமையா என்று பார்க்க, ஜிஜிப் கோப்பைச் சோதித்துவிட்டு கடைசி பத்து வரியைப் பாருங்கள். "டேட்டாபேஸ் கிளஸ்டர் டம்ப் கம்ப்ளீட்" என்று ஒரு குறிப்பு வரி இருக்க வேண்டும். அது இல்லை என்றால் நடுவிலேயே அறுந்திருக்கிறது. குழாய் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பும்போது டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடும், அதனால்தான் இந்த வரியைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். நேரம் இருந்தால் வேறொரு மெஷினில் ஒரு தடவை ஏற்றியும் பாருங்கள்.

/ஈடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14 ஃபோல்டரையும் அப்படியே ஒரு நகல் எடுத்து டம்ப்போடு வையுங்கள். டம்ப்பில் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் வராது. எந்த முகவரியை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று யாரோ நாலு வருடமாகச் சேர்த்து எழுதிய விதிகள் அதில் இருக்கும்.

6. நிறுத்துங்கள், காத்திருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கேட்பேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கொடுப்பேன். நிறுத்தியதைத் தொடங்க ஒரு நொடி போதும், அழித்ததை மீட்க முடியாது. ஆகவே அழித்தால் என்ன உடையும் என்பதை நிறுத்திப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின் என்று முழுப் பெயரையும் சொல்லி நிறுத்துங்கள். வெறும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று அடித்தால் எல்லாக் கிளஸ்டரும் நிற்கும், ஓடும் ஆப்பும் சேர்ந்து நிற்கும். இந்தத் தவறை ஒரு தடவையாவது செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்து /ஈடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின் ஃபோல்டரில் ஸ்டார்ட்.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து ஆட்டோ என்பதை மேனுவல் என்று மாற்றி, சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் அது தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும், நீங்களோ அது நின்றிருக்கிறது, யாரும் புகார் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

எத்தனை நாள்? குறைந்தது ஒரு மாத முடிவைத் தாண்டட்டும். மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடும் ஆபீஸ் என்றால் அது ஓடி முடியும் வரை. டிஸ்க் அவசரம் தாங்கவில்லை என்றால் ஒரு வாரம், அதற்குக் குறைந்தால் உங்கள் பாடு. இந்த நாட்களில் ஆப்களின் லாக்கில் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்று 5433-ஐச் சொல்லி வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

7. அழித்தல்

மறுபடி பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ். நிலை டவுன் என்று இருக்கும் வரி எது, ஆன்லைன் என்று இருக்கும் வரி எது என்று பாருங்கள். பிறகு:

சூடோ பிஜி_டிராப்கிளஸ்டர் 14 மெயின்

அவ்வளவுதான். "உறுதியா?" என்று கேட்காது. குப்பைத்தொட்டிக்கும் போகாது. டேட்டா ஃபோல்டர், அமைப்புக் கோப்புகள், லாக் எல்லாம் போய்விடும்.

பல இடத்தில் இதே கட்டளையை --ஸ்டாப் என்ற சேர்க்கையோடு எழுதியிருப்பார்கள். அதைப் போடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரை அந்தச் சேர்க்கை இல்லாமல் அழிக்கச் சொன்னால் கட்டளை மறுத்துவிடும். நீங்கள்தான் 14-ஐ ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களே, அப்புறம் அது எதற்கு? கை தவறி 16 என்று அடித்துவிட்டால் அந்த மறுப்பு ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். --ஸ்டாப் போட்டால் ஓடுவதையும் நிறுத்தி, அழித்து, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

டேட்டா ஃபோல்டரை ஆர்எம் போட்டு நேராக அழிப்பதும் வேண்டாம். /ஈடிசி-யில் இருக்கும் அமைப்பு அப்படியே நிற்பதால் பட்டியலில் கிளஸ்டர் பேய் மாதிரி தொடர்ந்து தெரியும், ஆட்டோ என்று இருந்தால் ஒவ்வொரு ரீபூட்டிலும் தொடங்கப் பார்த்துத் தோற்கும். ஓடும்போதே அழித்தால் இன்னும் மோசம், புராசஸ் கோப்புகளைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதால் டிஸ்க்கில் இடமும் கிடைக்காது.

8. பேக்கேஜை நீக்குவது இப்போதுதான்

கிளஸ்டர் முதலில், பேக்கேஜ் பிறகு. வரிசையை மாற்றினால் கடைசி டம்ப் எடுக்கவோ தொடங்கிப் பார்க்கவோ நிரல் இருக்காது, இரண்டாம் படியில் சொன்ன அநாதை நிலை வரும்.

ஆப்ட் பர்ஜ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-14, கூடவே போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-கிளையன்ட்-14. போஸ்ட்ஜிஐஎஸ் மாதிரி நீட்டிப்புகளுக்கும் 14 என்ற எண்ணோடு தனிப் பேக்கேஜ் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறி போட்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று தொடங்கும் எல்லாவற்றையும் தூக்கச் சொல்லாதீர்கள், 16-உம் பொதுப் பேக்கேஜும் சேர்ந்து போய்விடும். கேள்வி கேட்காமலே நீக்கவைக்கும் ஹைஃபன் ஒய் போடவும் வேண்டாம். நீக்கப்போகும் பட்டியலை ஆப்ட் காட்டும்போது அதில் 16 என்ற எண் எங்காவது தெரிகிறதா என்று நிதானமாகப் படியுங்கள், தெரிந்தால் வேண்டாம் என்பதற்கான "என்" எழுத்தை அடியுங்கள்.

பர்ஜ் செய்யும்போது டேட்டா ஃபோல்டர்களையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரலாம். 14 பதிப்பில் மெயின் தவிர இன்னொரு கிளஸ்டரும் வைத்திருந்தால் அதுவும் இதில் அடங்கும். அப்படி ஒன்று இருக்கும் சர்வரில் பேக்கேஜைத் தொடவே கூடாது.

9. மிச்சம் மீதி

பழைய கிளஸ்டரில் டேபிள்ஸ்பேஸ் வைத்திருந்தால் அவை டேட்டா ஃபோல்டருக்கு வெளியே, வேறு டிஸ்க்கில் இருக்கும். அந்த ஃபோல்டருக்குள் பிஜி_14 என்று தொடங்கும் பெயரில் ஒன்று, பிஜி_16 என்று தொடங்கும் பெயரில் ஒன்று என இரண்டு இருக்கலாம், ஒரே இடத்தை இரண்டு பதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் பயன்படுத்தும். 14-இனுடையது மிச்சமிருந்தால் அதை மட்டும் அழியுங்கள், மேல் ஃபோல்டரை அல்ல.

பழைய கிளஸ்டரைப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்த கிரான் வேலையை நீக்குங்கள். தினமும் தோற்றுத் தோற்று மெயில் அனுப்பினால், ஒரு வாரத்தில் நீங்கள் பேக்கப் மெயில்களையே படிக்காமல் விட்டுவிடுவீர்கள், நிஜமான பேக்கப் தோற்கும் அன்றைக்கும் கண்ணில் படாது. கண்காணிப்புக் கருவியிலும் அந்த போர்ட்டை எடுத்துவிடுங்கள். ஆர்க்கைவ் செய்த வால் கோப்புகள் தனி ஃபோல்டரில் இருந்தால், டம்ப்பை எத்தனை நாள் வைக்கிறீர்களோ அத்தனை நாள் வைத்துவிட்டு அழிக்கலாம்.

டிஎஃப் கட்டளையில் பார்த்தால் இடம் எதிர்பார்த்த அளவு வரவில்லையா? லிங்க் முறையில் ஏற்றியிருந்தால் அது இயல்பு. கோப்புகள் இன்னும் புதியதன் கையில் இருக்கின்றன, பழைய பெயர்கள் மட்டும்தான் போயிருக்கின்றன. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம்.

நல்ல கிளஸ்டர் 5433-லேயே உட்கார்ந்திருந்தால் இப்போது 5432-க்கு மாற்ற ஆசை வரும். மாற்றலாம், பிஜி_கான்ஃப்டூல் 16 மெயின் செட் போர்ட் 5432 என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் ஆயிற்று. ஆனால் ஆப்களின் அமைப்பையும் அதே நேரத்தில் மாற்ற வேண்டும். அழிக்கும் அன்றைக்கே செய்யாதீர்கள், ஏதாவது உடைந்தால் எதனால் என்று தெரியாது.

10. ஏற்கெனவே தப்பானதை அழித்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால்

முதலில் அந்த டிஸ்க்கில் எதுவும் எழுதாதீர்கள். ரீபூட் வேண்டாம், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், ஆப்களை நிறுத்துங்கள். கிளவுட் என்றால் இப்போது இருக்கும் நிலையிலேயே டிஸ்க்கை ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

ஆர்எம் போட்டு அழித்து, போஸ்ட்கிரெஸ் புராசஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாதீர்கள். அது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் /புராக் வழியாக இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, நிறுத்திய நொடியில் அவையும் போய்விடும். பிஜி_டிராப்கிளஸ்டர் போட்டு அழித்திருந்தால் புராசஸ் முன்பே நின்றுவிட்டது, அந்த வழி இல்லை. பழைய பேக்கப்பைத் தேடுங்கள், ஹோஸ்டிங் கம்பெனி தானாக எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட் உண்டா என்று கேளுங்கள்.

அந்தத் தம்பிக்கு அப்படித்தான் கிடைத்தது, முந்தைய நாள் விடியற்காலை எடுத்த ஒன்று. ஒன்றரை நாள் ஆர்டர்களை வாடிக்கையாளர்களுக்குப் போன மெயில்களிலிருந்து எடுத்து, இரண்டு பேர் உட்கார்ந்து கையால் ஏற்றினார்கள்.